பல்லி மண்டலத்து வெளிச்சம்

என் தகப்பனார் காலமாகிப் பத்து நாள் கழித்து, திருச்சி பாலக்கரையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவராம். "உங்கப்பா ஒரு நாள் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை, தம்பி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறத்துக்கு ஓடி ஒளிந்தவன் நான்! யாரைப் பற்றிச் சொல்கிறார் இவர்?

அன்றிரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோது, எப்போதோ படித்த ஒரு வான விஷயம் நினைவுக்கு வந்தது. பல்லி மண்டலம் என்று ஒரு சிறு நட்சத்திரக் கூட்டம் உண்டு. (அந்தப் பல்லி சொன்னால் பலிக்குமா என்று கேட்காதீர்கள்.) 1929இல் ஹாஃப்மைஸ்டர் என்ற ஜெர்மானியர், அதில் கூடிக் குறைந்து ஒளிரும் ஒரு புள்ளியைக் கண்டார். மாறும் நட்சத்திரம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1968இல், ரேடியோ அலைகள் வரும் ஓரிடமும் அதுவும் ஒன்றே என்று தெரிந்தபோதுதான் சந்தேகம் பிறந்தது. அது நட்சத்திரமே அல்ல. சுமார் 90 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஒரு கேலக்ஸியின் நடு! அங்கே ஒரு ராட்சதக் கருந்துளையின் அருகிலிருந்து, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஒரு தாரை பீறிடுகிறது. அது நேரே நம் பக்கம் திரும்பியிருப்பதால்தான் அத்தனை பிரகாசம், அத்தனை துடிப்பு. பக்கவாட்டில் நின்று பார்ப்பவனுக்கு அதே கேலக்ஸி பரம சாது. இத்தகையவற்றைப் 'பிளேசார்' என்கிறார்கள்.

ஒரு கண்ணும் ஓர் இரவும் இதற்குப் போதா. 2020இல் இது பொங்கியபோது, பல நாட்டுத் தொலைநோக்கிகள் முறை வைத்துக் கண்விழித்தன. சுமார் 13 மணிக்கொரு தரம் அது ஏறி இறங்குவது அப்போதுதான் புலப்பட்டது.

அப்படியானால், அப்பாவின் கோபம் அவர் குணமா, நான் நின்ற இடமா? அவருடைய ஆசைகள் எல்லாம் ஒரே பிள்ளையான என் திசையில்தானே பாய்ந்தன? இப்படி நினைத்ததும் மனம் இளகத்தான் செய்தது. ஆனால், பக்கத்தில் நின்றவருக்குச் சுடவில்லை என்பதால் எனக்குச் சுட்டது பொய்யாகிவிடுமா? பிளேசார் நம்மைத் தேர்ந்தெடுத்துத் திரும்பவில்லை. குமாஸ்தாவிடம் அடக்கத் தெரிந்த கோபத்தை, பத்து வயதுப் பையனிடம் அடக்க முடியாதா?

தங்கையைக் கேட்டேன். "எனக்கு அவர் பாடின தாலாட்டுதான் ஞாபகம், அண்ணா" என்றாள். அப்பா பாடுவாரா! அதுவே எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, பெரியவரின் விலாசத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாலக்கரைக்குப் பஸ் ஏறினேன்.