மயக்கும் மருந்தும் மனச்சாட்சியும்



புற்றுநோயால் துடிக்கிற தாய்க்கு வைத்தியர் மார்பின் எழுதிக் கொடுத்தால், “போதை மருந்தாயிற்றே, கொடுத்தால் பாவமாகுமோ?” என்று பிள்ளைகள் தயங்குவதுண்டு. கொடைக்கானல் காளானைத் தின்று மாயக் காட்சி காணும் வாலிபரோ, “இதுவும் மருந்துதானாம், விஞ்ஞானிகளே சொல்கிறார்கள்” என்கிறார்கள். இரு சாராரும் வஸ்துவை மட்டும் பார்க்கிறார்கள். அது யாருக்கு, எதற்காக, எந்த அளவில் என்று பார்ப்பதில்லை.

எர்காட் என்ற பூஞ்சையின் சரித்திரத்தைக் கேளுங்கள். அது ரை என்னும் தானியக் கதிரில் பிடிப்பது. அந்தத் தானியத்தை அரைத்துச் சுட்ட அப்பத்தை உண்டு, முற்காலத்தில் ஐரோப்பிய ஜனங்கள் கைகால் கருகியும் சித்தங் கலங்கியும் மாண்டார்கள். அந்த வியாதிக்கு ‘அர்ச். அந்தோணியார் நெருப்பு’ என்று பேர்; வனத்து அந்தோணியாரையே குறிக்கும். அவர் பேரால் ஏற்பட்ட சபையின் சகோதரர்கள் 11-ம் நூற்றாண்டின் இறுதி தொட்டு அந்நோயாளிகளைப் பராமரித்தார்கள். இதே பூஞ்சையை மருத்துவச்சிகள் பிரசவத்தில் கையாண்டார்கள். நம் நீலகிரியிலும் மருந்துக்காக இது பயிரிடப்பட்டது. பிள்ளை பெற்ற தாயின் உதிரப்போக்கை நிறுத்தப் போடும் மெதர்ஜின் ஊசி இந்த வம்சத்தில் வந்ததே.

1938-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ரசாயன நிபுணர் எர்காட் சத்தை ஆராய்ந்து எல்.எஸ்.டி. என்பதை உண்டாக்கினார். அது மாயக் காட்சி காட்டும் என்பது 1943-ல் தெரிந்தது. தாயைக் காக்கும் மருந்தும் புத்தியைக் கலைக்கும் வஸ்துவும் ஒரே மூலத்தில் பிறந்தவை!

மனநோய் தவிர்த்த மற்ற வியாதிகளுக்கும் இத்தகைய வஸ்துக்கள் உதவுமா என்று வைத்தியர்கள் ஆராய்கிறார்கள். சிகாகோவில் எரிக் காஸ்ட் என்பவர் கடும் நோவுள்ள நோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்து, நோவு தணிந்ததாக 1964-ல் எழுதினார். ஆயினும் பலர் அதை மறுமுறை வாங்க விரும்பவில்லை. ஒரு கண்ணைச் சுற்றிப் பிளக்கிற கொடிய தலைவலிக்கு, காளானிலுள்ள சைலோசைபின் உதவுமா என்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் சிறு ஆய்வு நடத்தி 2022-ல் வெளியிட்டார்கள். அதில் உறுதியான முடிவு கிடைக்கவில்லை. நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு.

சர்வேசுரன் தந்த புத்தியை மங்க வைப்பது தகுமா? வீண் உல்லாசத்துக்காகவென்றால் தகாது. தக்க காரணமிருந்தால் தகும். அறுவைச் சிகிச்சையில் அதைத்தானே செய்கிறோம்! 1957-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, பாப்பரசர் 12-ம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு இதையே விளக்கினார். வேறு வழியில்லாதபோது, நோயாளி தன் ஆத்தும கடமைகளையும் குடும்பக் கடமைகளையும் செய்ய அது தடையாகாவிட்டால், உணர்வு மங்கினாலும் நோவைத் தணிக்கலாம் என்றார்.

“சேசுநாதர் சுவாமி வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை மறுத்தாரே?” என்பீர்கள். அவர் தம் சொந்த மனதாய் மறுத்தார். தன் நோவைத் தானே ஒப்புக்கொடுக்கிறவன் புண்ணியவான். பிறன் நோவை ஒப்புக்கொடுக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது? தாயின் வேதனையைப் பிள்ளைகள் நீடிக்க விடுவது பக்தியாகாது.

ஏரியில் வலை இழுக்கிறவர்களுக்குக் கெளுத்தி முள்ளின் கடுப்பு தெரியும். அதற்காக மீனை எறிந்துவிடுகிறீர்களா? முள்ளை ஒடித்துக் கூடையில் போடுகிறீர்கள். முள்ளோடு குழந்தை கையில் கொடுப்பதுமில்லை.

ஆகையால் வைத்தியர் எழுதிய மார்பினை அவர் சொன்ன அளவில் தாராளமாய்க் கொடுங்கள். நோயாளிக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி அவர் சம்மதத்தைக் கேளுங்கள். மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். 1985-ம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டதே, நோயாளிக்கு இம்மருந்து எளிதில் கிடைக்கட்டும் என்றுதான். எல்.எஸ்.டி.யையும் சைலோசைபினையும் தாமாக வாங்கித் தின்பது அதே சட்டப்படி குற்றம். அதை வாலிபர் மறக்க வேண்டாம்.

உணர்வு தெளிவாயிருக்கும்போதே குருவானவரை அழையுங்கள். நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்து, நன்மை வாங்கி, பிறகு நோவில்லாமல் உறங்கட்டும்.