தனது எது என்று உடல் கற்கும் விதம்

தன்னுடையது எது என்ற அறிவு நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. அது கற்றுக்கொள்வது. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் பள்ளிக்கூடம். அங்கே முதிரும் டி செல்கள் என்னும் எதிர்ப்பு அணுக்களுக்கு உடலின் சொந்தப் புரதங்கள் காட்டப்படுகின்றன. கணையத்துக்கே உரிய இன்சுலின்கூட அதற்காக அங்கே துளியளவு உருவாகிறது. சொந்தப் புரதத்தை இறுகப் பற்றும் செல் பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. தப்பி வெளியேறுபவற்றை ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ அடக்கி வைக்கின்றன. இதைக் கண்டறிந்த பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிர் தானாக அறியாது, அறிவித்தால்தான் அறியும் என்பது சைவ சித்தாந்தம். டி செல்லுக்கு உணர்வில்லை. ஆகவே இரண்டையும் ஒன்றென்று சொல்லக் கூடாது. ஆனாலும் ‘என் உடம்பு’ என்று மனிதன் உரிமை கொண்டாடும் உடம்பே, தன்னுடையது எது என்பதைப் பிறிதொன்று காட்டித்தான் தெரிந்துகொள்கிறது. உடம்பு உயிருக்குத் தரப்பட்ட கருவி, உயிர் அன்று என்று கொள்ளும் சித்தாந்திக்கு இதில் வியப்பிருக்காது.

அப்படியானால் எதிர்ப்பு மண்டலம் தாக்காமல் பொறுத்துப்போவது எப்போதும் நன்மையா? செங்கல்பட்டை அடுத்த திருமணியில், 1955-இல் மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கிய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கு ஆராயப்படும் நோயே இதற்கு விடை. தொழுநோய்க் கிருமி நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்லுக்குள் குடியேறுகிறது. சிலர் உடலில் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கிருமி கோடிக்கணக்கில் பெருகுகிறது. வேறு சிலரிடம் எதிர்ப்பு கடுமையாக எழுகிறது. கிருமி குறைகிறது, கூடவே நரம்பும் அழிகிறது. அந்நியனைப் பொறுத்தாலும் கேடு, அவனை விரட்டத் தன் வீட்டையே இடித்தாலும் கேடு. பொறுமையைவிடப் பகுத்தறியும் திறனே மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று உடலில் இல்லை.

தொழுநோயைக் கண்டறியும் சோதனை எளியது. நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, பஞ்சுத் திரியால் தோல் தொடப்படுகிறது. தொட்ட இடத்தை அவர் விரலால் காட்ட வேண்டும். நல்ல தோலில் விரல் தவறாமல் போகிறது. வெளிறிய தேமலில் திரி பட்டும் விரல் அசைவதில்லை. முழங்கைக்குப் பின்னால் தடவினால் நரம்பு கயிறுபோலத் தடித்துத் தட்டுப்படுவதும் உண்டு.

கிருமியைக் கொல்லக் கூட்டு மருந்து ஆறு மாதமோ ஓராண்டோ தரப்படுகிறது. நரம்பு வீங்கி வலித்தால் அதோடு பிரட்னிசலோனும் வேண்டும். அது உடலின் சொந்தச் சீற்றத்தைத் தணிக்க. தாமதமின்றித் தொடங்கினால் மரத்த கையில் உணர்ச்சி திரும்ப வாய்ப்புண்டு. உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம்.