பத்து நிமிடத் தாமதம்

ஓகேமில் நடக்கும் சண்டையை யாரும் பார்க்க முடியாது. குறித்த நொடியில் கப்பல்கள் போய்ச் சேரும், சர்வர் கணக்குப் போடும், இரண்டு பேருக்கும் ஒரு ரிப்போர்ட் வரும். அவ்வளவுதான். வெடிச்சத்தம் கிடையாது, தீப்பிழம்பு கிடையாது, வெறும் எண்கள். 2014-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை 6:40-க்கு எனக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. 300 பேட்டில்ஷிப்கள் அழிந்திருந்தன. அழித்தவன் நான். அந்தக் கப்பல்களின் சொந்தக்காரர் அந்த நேரத்தில் ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில், ஐசியூவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அடித்தேன்.

கேமில் செய்த ஒன்றைத் தப்பா சரியா என்று யோசித்து ஒரு கட்டுரை எழுதுவது கொஞ்சம் அதிகம்தான். நானும் பத்து வருஷமாக அப்படிச் சொல்லித்தான் தள்ளிப்போட்டேன். ஆனால் வேறு எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை. இது மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

முதலில் அந்த கேமின் சண்டை எப்படி வேலை செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். விளையாடாதவர்களுக்கு மற்றது புரிய அது வேண்டும்.

ஓகேம் 2002-இல் ஜெர்மனியில் தொடங்கியது. பிரவுசரில் ஆடுவது. உங்களுக்கு ஒரு கிரகம், அதில் உலோகம், படிகம், டியூட்டீரியம் எடுக்கும் சுரங்கங்கள். எடுத்ததை வைத்துக் கப்பல் கட்டி அடுத்தவர் கிரகத்தை அடிக்கலாம். சண்டை அதிகபட்சம் 6 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கப்பலும் எதிரியின் ஏதாவது ஒன்றைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்துச் சுடும். குறி பார்ப்பது என்பதே கிடையாது. சில கப்பல்களுக்கு ரேபிட் ஃபயர் உண்டு. ஒரு க்ரூசர் ஒரு லைட் ஃபைட்டரைச் சுட்டால், ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பில் அதே சுற்றில் இன்னொரு முறை சுடலாம். ஷீல்டைத் தாண்டி விழும் அடி கப்பலின் உடலில் இறங்கும். உடல் வலிமை 70 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், அதன் பிறகு விழும் ஒவ்வொரு அடியிலும் கப்பல் வெடிக்க வாய்ப்பு உண்டு.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று இருக்கிறது. எதிரியின் ஷீல்டில் 1 சதவீதத்துக்கும் குறைவான அடி விழுந்தால் அது அடியே இல்லை, பட்டுத் தெறித்துவிடும். லைட் ஃபைட்டரின் ஆயுத பலம் 50. டெத்ஸ்டாரின் ஷீல்டு 50,000. இரண்டு பக்கமும் ஆராய்ச்சி சமமாக இருந்தால் ஒரு லட்சம் லைட் ஃபைட்டர்கள் போனாலும் டெத்ஸ்டாரில் ஒரு கீறல் விழாது. சிறு துளி பெருவெள்ளம் என்பதெல்லாம் அங்கே செல்லாது. அடி சின்னதாக இருந்தால், எத்தனை அடி என்பது கணக்கிலேயே வராது. ஹாஸ்டலில் இதை வைத்து நாங்கள் ராத்திரி ரெண்டு மணி வரை அரசியல் பேசியிருக்கிறோம்.

ஆனால் கொஞ்ச நாள் ஆடினால் ஒன்று புரிந்துவிடும். இந்த எண்களெல்லாம் சண்டையின் கடைசி அத்தியாயம். சண்டை முடிவாவது அதற்கு முன்னால். ஒற்றுக் கப்பல் அனுப்பிப் பார்த்தால் எதிரியிடம் என்ன இருக்கிறது என்று தெரியும். சிமுலேட்டரில் போட்டால் யார் ஜெயிப்பார் என்றும் தெரியும். தோற்கிற சண்டைக்கு யாரும் கிளம்புவதில்லை. அப்படியானால் எதிரி ஏன் அடி வாங்குகிறார்? அவர் அங்கே இல்லை, அதனால்தான். விழித்திருந்தால் தாக்குதல் வருவது அவர் திரையில் தெரியும், கப்பல்களை வேறு எங்காவது அனுப்பிவிடுவார். அல்லது கூட்டாளிகளை வரவழைத்து, வருகிறவனுக்காகக் காத்திருப்பார்.

ஆகவே ஓகேமின் உண்மையான ஆயுதம் கடிகாரம். எதிரி எப்போது தூங்குகிறார், எப்போது வேலைக்குப் போகிறார், எந்த ஊர் நேரத்தில் வாழ்கிறார் என்பதுதான் உளவு. அதனால் விவரம் தெரிந்த எவரும் கப்பல்களைக் கிரகத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கமாட்டார்கள். பறக்கும் கப்பலை யாரும் அடிக்க முடியாது. படுக்கும் முன் எங்காவது மெதுவாகப் பறக்கவிட்டு, எழுந்திருக்கும் நேரத்துக்குத் திரும்பி வரும்படி கணக்குப் போடுவார்கள். ஃப்ளீட்சேவ் என்போம். அதற்கும் மாற்று உண்டு. உங்களிடம் ஒரு நிலவு இருந்தால் அதில் ஃபேலன்க்ஸ் கட்டலாம். அது பக்கத்துக் கிரகங்களுக்கு எந்தக் கப்பல் எந்த நொடியில் திரும்புகிறது என்று காட்டும். அது தெரிந்தால் திரும்பி இறங்கிய 2 நொடியில் உங்கள் படை போய் நிற்கும்படி அனுப்பலாம். அந்த 2 நொடியில் அவர் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி அடிப்பதுதான் எங்கள் ஆட்டத்தில் வித்தை. அடி வாங்கியவரே பாராட்டி மெசேஜ் போடுவார்.

ஈப்போக்காரரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். வேறு கூட்டணிதான். முதலில் உலோகம் படிகம் மாற்றிக்கொண்டோம், பிறகு வாட்ஸ்அப்பில் பேச ஆரம்பித்தோம். நான் கோவையில் கடைசி வருஷ இன்ஜினியரிங். அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது, ஒரு சின்ன பட்டறை வைத்திருந்தார். கேமைப் பற்றிப் பேசியதைவிட மற்றதைத்தான் அதிகம் பேசியிருப்போம். ஒரு வெள்ளிக்கிழமை, "அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் தம்பி, ரெண்டு நாள் ஆட்டம் இல்ல" என்றார். வெகேஷன் மோட் போட்டிருக்கலாம். ஆனால் கப்பல் எதுவும் பறந்துகொண்டிருந்தால் அதைப் போட முடியாது, அவருடையது பறந்துகொண்டிருந்தது. அது திரும்பியதும் முழுப் படையையும் மிக மெதுவான வேகத்தில் மறுபடி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிறு மதியம் நானாகத்தான் விசாரித்தேன். "அம்மா எப்படி இருக்காங்க அண்ணே?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டேன், அதைச் சொல்லிவிட வேண்டும். "ஐசியூல இருக்காங்க. இன்னும் ரெண்டு நாள் இங்கதான்" என்று பதில் வந்தது. "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று போட்டேன். போனைக் கீழே வைத்தேன். லேப்டாப்பைத் திறந்து ஃபேலன்க்ஸை ஓட்டினேன்.

300 பேட்டில்ஷிப். மலேசிய நேரம் இரவு 9 மணிக்கு இறங்குகிறது, எனக்கு மாலை 6:30. அந்த நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்போம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். என் படைக்கு ஒரு மணி 20 நிமிடம் தூரம். 5:20-க்கு அனுப்பினேன். 6:40-க்குப் போய்ச் சேர்ந்தது. நான் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பேட்டில்ஷிப்புக்கு 45,000 உலோகம், 15,000 படிகம். 300 கப்பலுக்கு உலோகம் மட்டும் 1 கோடியே 35 லட்சம். 25-ஆம் நிலையில் இருக்கும் ஒரு சுரங்கம், சாதாரண வேக சர்வரில் மணிக்கு 8,000 சொச்சம் தரும். ஒரே சுரங்கம் என்றால் 69 நாள் உழைப்பு. அவருக்கு இன்னும் சில கிரகங்கள் இருந்தன, அதனால் இவ்வளவு நாள் ஆகியிருக்காது. அழிந்ததில் 30 சதவீதம் மிதக்கும் இடிபாடாக மாறும், அதை அள்ளிக்கொண்டு வந்தேன். ரூம்மேட் முதுகில் தட்டினான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நான் செய்ததில் தப்பு எது?

அடித்ததா? இல்லை. செஸ்ஸில் ராணியை எடுப்பது திருட்டு ஆகாது. உள்ளே வரும்போதே, என் கப்பலை நீ அழிக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டுதான் வருகிறோம். அவரும் பலரை அடித்திருக்கிறார். அவருடைய நேரம் வீணானதா? அதுவும் இல்லை. அந்த நேரம் போகலாம் என்பதும் ஒப்பந்தத்தில் அடக்கம்.

அவர் பார்க்காதபோது அடித்ததா? இதை ரொம்ப நாள் யோசித்தேன். மகாபாரதத்தில் அசுவத்தாமன் ராத்திரியில் பாசறைக்குள் புகுந்து தூங்குகிறவர்களைக் கொல்கிறான். அது மகாபாவமாக நிற்பதற்கு ஒரு காரணம், சூரியன் மறைந்தால் போர் நிற்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் முதலிலேயே பேசிவைத்திருந்தது. ஓகேமில் சூரியன் மறைவதே இல்லை. பிரேசிலில் ஒருவர் எழும்போது ஈப்போவில் ஒருவர் படுக்கிறார். எல்லோருக்கும் பொதுவான ராத்திரி என்று ஒன்று இல்லாதபோது ராத்திரியில் அடிக்கக்கூடாது என்ற விதியும் இருக்க முடியாது. தூங்குகிறவரை அடிப்பதுதான் அந்த ஆட்டமே.

விதிகளே இல்லாத ஆட்டமும் அல்ல அது. ஒரே கிரகத்தை 24 மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் அடிக்கக்கூடாது. புதிதாக வந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. பின்னாளில் மரியாதைப் புள்ளி என்றே ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தன்னைவிட ரொம்பப் பலவீனமானவரை அடித்தால் குறையும், ஏறக்குறைய நிகரானவரை அடித்தால் கூடும். அண்ணன் எனக்கு நிகரானவர். அந்த ஞாயிற்றுக்கிழமை கேமின் கணக்கில் என் மரியாதை கூடியது. என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தக் கூடுதல்தான்.

யோஹான் ஹூய்சிங்கா 1938-இல் வெளிவந்த தன் புத்தகத்தில், ஆட்டம் என்பது அன்றாட வாழ்க்கையிலிருந்து பிரித்து வரைந்த ஒரு வட்டம் என்கிறார். ஏமாற்றி ஆடுகிறவனும் ஆட்டத்தைக் கெடுக்கிறவனும் ஒன்றல்ல என்றும் சொல்கிறார். ஏமாற்றுகிறவன் வட்டத்தை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறான். கெடுக்கிறவன் வட்டத்தையே கலைத்துவிடுகிறான். நான் இந்த இரண்டிலும் சேரவில்லை. ஒரு விதியையும் மீறவில்லை, ஆட்டத்தைக் கலைக்கவும் இல்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு மனிதர் இன்னொரு மனிதனிடம் சொன்ன ஒன்றை உள்ளே கடத்திக்கொண்டுபோய் ஆயுதமாக்கினேன். ஃபேலன்க்ஸ் எனக்குச் சொன்னது நேரம். அவர் வரமாட்டார் என்பதைச் சொன்னது அவருடைய அம்மாவின் உடம்பு.

ரூம்மேட்டிடம் இதை அப்போதே அரைகுறையாகச் சொன்னேன். அவன் நல்ல வாதம் ஒன்று வைத்தான். "டேய், தெரிஞ்சதத் தெரியாத மாதிரி எப்படிடா ஆட முடியும்? அவர் ஏன் சொன்னாரு? சொன்னது அவர் தப்பு." முதல் பாதி நியாயமானது. தெரிந்ததை அழிக்க முடியாதுதான். ஆனால் அன்றைக்கு நான் எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. ஃபேலன்க்ஸை ஓட்டாமல் இருந்திருந்தாலே போதும். இரண்டாவது பாதிதான் பயங்கரம். அதன்படி பார்த்தால், எதிரே ஆடுகிறவரிடம் யாரும் எதையும் பேசக்கூடாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதை ராணுவ ரகசியமாக வைத்துக்கொண்டு வாழ வேண்டும்.

நான்கு நாள் கழித்து அண்ணன் லாகின் செய்தார். திட்டவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி. "10 நிமிஷம் லேட்டா வந்திருக்கே தம்பி. நான் ஆன்லைன்ல இருந்திருந்தா?"

விவரம் தெரிந்தவர் அல்லவா, ரிப்போர்ட்டின் நேரத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டார். அவர் இருக்கக்கூடும் என்று நினைக்கிறவன் 2 நொடி இடைவெளியில் வருவான், உயிரைக் கொடுத்து நொடி எண்ணுவான். 10 நிமிடம் தள்ளி வருகிறவனுக்கு ஆளே இருக்கமாட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த வித்தை அன்றைக்குத் தேவைப்படவில்லை.

"லக் அண்ணே" என்று பதில் போட்டேன்.

என் கேள்விக்கான விடை அந்தப் பொய்யில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். ஃபேலன்க்ஸ் போட்டு 2 நொடியில் அடித்திருந்தால் மறைத்திருக்கமாட்டேன், நானே பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஆட்டத்தில் ஒளிவது, ஏமாற்றுவது, பொறி வைப்பது எல்லாம் உண்டு. ஆனால் முடிந்த பிறகு சீட்டைத் திருப்பிக் காட்ட முடியும். தோற்றவரிடம், உன்னை இப்படித்தான் வீழ்த்தினேன் என்று சொல்ல முடிகிற ஆயுதம் நியாயமான ஆயுதம். சொல்ல நா எழவில்லை என்றால் அது ஆட்டத்தின் ஆயுதமே அல்ல. எல்லாச் சந்தேகத்தையும் இந்த அளவுகோல் தீர்த்துவிடாது, வெட்கமே இல்லாதவனிடம் இது வேலை செய்யாது. எனக்கு வேலை செய்கிறது.

புறநானூற்றின் 9-ஆவது பாடலில், அம்பு விடுமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் பிணியாளர்களையும் பிள்ளை பெறாதவர்களையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லி அறிவிக்கும் வழக்கம் வருகிறது. முதுகுடுமிப் பெருவழுதியைப் புகழும் பாட்டு. உண்மையில் எத்தனை போர்களில் அப்படி அறிவித்தார்களோ தெரியாது. ஆனால் போருக்கு முன் எதிரியின் முகத்துக்கு நேரே சொல்ல முடிவதைத்தான் பெருமை என்று அந்தப் பாட்டு எண்ணியிருக்கிறது. ஓகேமும் அறிவிக்கும், ஒருமணி 20 நிமிடம் அவர் திரையில் என் படை வருவதாக அறிவித்துக்கொண்டேதான் இருந்தது. பார்க்க ஆள் இல்லாத திரை அது என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அவர் ஆடவில்லை. ஓகேமில் 7 நாள் வராவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 'ஐ' விழும், 28 நாள் தாண்டினால் அது பெரிய எழுத்தாகிவிடும். இரண்டையும் பார்த்தேன். என்னால்தான் நிறுத்தினார் என்று சொல்லமாட்டேன், ஆஸ்பத்திரி வீடு என்று அலைகிறவருக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஒரு மாதம் கழித்து "அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க" என்று ஒரு வரி அனுப்பினார். சந்தோஷம் அண்ணே என்று போட்டேன். கேமைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எண் இன்னும் போனில் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். இந்தக் கட்டுரை வெளிவந்ததும் அதன் சுட்டியை அவருக்கு அனுப்பப்போகிறேன். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும்.