சொல்லாமல் விட்ட நன்மை

சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று விஹாரத்தில் தம்ம உரை முடிந்து, அனைவரும் எழும் வேளையில், இளைஞர் ஒருவர் எழுந்து நின்று வினவினார்: "ஐயா, அன்றாட வாழ்வில் நிகழும் சிறு சிறு அன்புச் செயல்களைத் தேடிக் காணுங்கள், கண்டதைப் பிறருக்குச் சொல்லுங்கள் என்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக நமக்கு இழைக்கப்பட்ட கொடுமையோ மலையளவு. அதன் முன்னே ஒரு குவளைத் தண்ணீரைப் பற்றியும் ஒரு கைத்தாங்கலைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது ஆகாதா?"

அருகிலிருந்த முதியவர் ஒருவர் வேறொரு தடை கூறினார்: "நல்லது செய்தால் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, தம்பி. சொன்னால் செய்த புண்ணியம் கரைந்துபோகும்."

ஒருவர் அச்செயல்கள் மிகச் சிறியவை, ஆதலால் சொல்ல வேண்டாம் என்றார். மற்றொருவர் அவை மிக உயர்ந்தவை, ஆதலால் சொல்ல வேண்டாம் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அன்று நேரமின்மையால் நான் அளித்த சுருக்கமான விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆகவே, அதனை இங்கே விரித்துரைக்க முற்படுகிறேன்.

முதற்கண், சிறு செயல் என்பது யாது? வச்சகோத்தன் என்னும் பரிவிராசகன் ஒருவன் பகவானை அணுகி, "தமக்கும் தம் சீடர்க்கும் மட்டுமே தானம் அளிக்க வேண்டும், பிறர்க்கு அளிக்கலாகாது என்று தாங்கள் போதிப்பதாகச் சிலர் கூறுகின்றனரே, மெய்யோ?" என்று கேட்டான். பகவான் அதனை மறுத்தார். ஒருவன் பிறனுக்குக் கொடுப்பதைத் தடுப்பவன் கொடுப்போனுக்கும் கேடு செய்கிறான், பெறுவோனுக்கும் கேடு செய்கிறான், அவ்விருவர்க்கும் முன்னரே தனக்குத்தானே கேடு செய்துகொள்கிறான் என்றார். அதன்பின் அவர் காட்டிய எடுத்துக்காட்டு மிக எளியது. உண்கலம் கழுவிய நீரைக் குட்டையிலோ கழிவுக் குழியிலோ கொட்டுகையில், அங்குள்ள சிற்றுயிர்கள் இதனால் பிழைக்கட்டும் என்று எண்ணிக் கொட்டினால் அதுவும் புண்ணியமே. அவ்வாறாயின் மனிதர்க்குச் செய்வதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ என்பது அவர் கருத்து.

இதனினும் சிறிய செயலை எவரால் நினைக்க இயலும்? எப்படியும் கொட்டியாக வேண்டிய நீர்தான். பொருட்செலவு இல்லை, உழைப்பும் இல்லை. எண்ணம் ஒன்றே புதிது. கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க ஏழை எவனும் இவ்வுலகில் இல்லை என்பதைப் பகவான் அந்த எச்சில் நீரைக் கொண்டே விளக்கிவிட்டார். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனும் இதற்குச் சான்று. பிறப்பைப் பழித்து ஊரார் துரத்திய அவன், மதுரையில் இரந்து பெற்ற சோற்றைப் பார்வையற்றோரும் நடக்க இயலாதோரும் ஆதரவற்றோரும் முதலில் உண்ணச் செய்து, மிஞ்சியதையே தான் உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னரே. பாத்திரம் வந்த பிறகு அவன் வள்ளல் ஆகவில்லை. வள்ளலாக இருந்தவன் கைக்கே பாத்திரம் வந்தது.

இனி முதியவரின் தடைக்கு வருவோம். தன் நன்மையைத் தானே பறைசாற்றுதல் அகந்தையை வளர்க்கும் என்பது மெய்யே. ஆயினும், இதற்குப் பகவான் கூறிய வழி எல்லா நன்மையையும் மூடி வைப்பதன்று. அங்குத்தர நிகாயத்தில் நல்லோன் இயல்பும் தீயோன் இயல்பும் பிரித்துக் காட்டப்பட்டுள்ளன. தீயோன் கேளாமலே பிறர் குற்றத்தை விரித்துரைப்பான். கேட்டாலும் பிறர் குணத்தை மறைப்பான். தன் குணத்தையோ கேளாமலே பேசுவான். நல்லோன் இதற்கு நேர்மாறானவன். பிறர் குணத்தைக் கேளாமலே எடுத்துரைப்பான். தன் குணத்தைக் கேட்டாலும் குறைத்தே கூறுவான். எனவே, பெரியவர் சொன்ன விதி நம் செயலுக்கே பொருந்தும். பிறர் செயலுக்குப் பொருந்தாது. நாம் செய்ததை நாம் மறைக்கலாம். பிறர் செய்ததை மறைக்க நமக்கு என்ன உரிமை?

மேலும், பௌத்த நூல்கள் எண்ணும் பத்துப் புண்ணியச் செயல்களுள், தன் புண்ணியத்தைப் பிறரோடு பகிர்தல் ஒன்று. பிறர் புண்ணியம் கண்டு மனமார மகிழ்தல் மற்றொன்று. இதனையே அனுமோதனை என்கிறோம். பிறர் நன்மையில் மகிழும் இம்மனநிலையே முதிதை. மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை என்னும் நான்கனுள் நாம் மிகக் குறைவாகப் பயில்வது இதுவே. துன்பத்தில் இருப்பவனைக் கண்டு இரங்குவது எளிது. அவன் நமக்குக் கீழே இருக்கிறான். நல்லது செய்தவனைக் கண்டு மகிழ்வது அரிது. அவன் அந்த வேளையில் நம்மினும் ஒரு படி மேலே நிற்கிறான்.

இளைஞரின் தடையோ இதனினும் கடினமானது. அதனை நான் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். எவரேனும் மனமிரங்கி ஒரு குடம் ஊற்றட்டும் என்று அவரும் அவரோடு சென்ற மக்களும் கரையில் காத்து நிற்கவில்லை. உரிமையாகப் பெற வேண்டியதை இரக்கமாகப் பெறுதல் இழிவு. உரிமையை மறுத்துவிட்டு இரக்கம் காட்டுபவன் அன்புடையோனும் அல்லன். கருணையின் பெயரால் நீதியைத் தள்ளிப்போடலாம் என்று எவரேனும் கூறினால், அதற்குப் பகவான் பெயரைத் துணைக்கு அழைத்தல் வேண்டா.

ஆயினும், அதே பாபாசாகேப் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் மக்களுக்கு அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளை நினைவுகூருங்கள். சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவேன் என்பது அவற்றுள் ஒன்று. எல்லா உயிர்களிடத்தும் அன்பும் இரக்கமும் கொள்வேன் என்பதும் அவற்றுள் ஒன்று. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சொல்லச் செய்தார். ஒன்று போதும் என்று அவர் கருதியிருப்பின் மற்றொன்றைச் சேர்த்திருக்க மாட்டார். சட்டம் கிணற்றைத் திறந்துவிடும். கிணற்றடியில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசுமாறு செய்ய எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதனை மனிதரே செய்தாக வேண்டும்; அதுவும் சிறிது சிறிதாகவே இயலும்.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றைக் கூறியாக வேண்டும். பெங்களூரில் ஒரு பஞ்சாலையின் நூற்கும் பகுதியில் நான் பணிபுரிந்த காலம் அது. எனக்கு அடுத்த ரிங் பிரேமில் வேலை செய்தவர் என்னினும் மூத்தவர். நான்கு ஆண்டுகள் பக்கத்திலேயே நின்று உழைத்தோம். அந்நான்கு ஆண்டுகளில் என் தூக்குச் சட்டியிலிருந்து ஒரு கவளத்தையும் அவர் ஏற்றதில்லை. என் குவளையில் நீரருந்தியதும் இல்லை. காரணத்தை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஒருநாள் என் கைக்குழந்தை மருத்துவமனையில் கிடந்தது. கூலி போய்விடுமே என்று அஞ்சி இரவு ஷிப்டுக்கு வந்துவிட்டேன். வந்தேனே ஒழிய, கைகள் வேலை செய்யவில்லை. கண்ணெதிரே இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. மேஸ்திரி கண்டால் அபராதம் நிச்சயம். அம்மூத்தவர் என்னிடம் வந்து, "போய் முகம் கழுவிட்டு வா" என்று மட்டும் சொன்னார். நான் திரும்பி வந்தபோது என் பிரேமில் அறுந்து கிடந்த இழைகளையெல்லாம் பிணைத்துக்கொண்டிருந்தார். விடியும்வரை தம் பிரேமுக்கும் என் பிரேமுக்குமாக நடந்தார். காலையில் சங்கு ஊதியதும் ஒன்றும் பேசாமல் சென்றுவிட்டார். குழந்தை பிழைத்தது.

நான் தம்மம் உரைக்கத் தொடங்கிய பின்னர், அவர் என் சோற்றைத் தொடாததை நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறேன். பம்பாய்ப் பஞ்சாலைகளில் முற்காலத்தில் நம்மவரை நெசவுப் பகுதியில் சேர்க்காமல் ஒதுக்கியதையும், நாடாவில் நூலை வாயால் உறிஞ்ச வேண்டியிருந்ததே அதற்குச் சாக்காக இருந்ததையும், 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது பாபாசாகேப் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பியதையும் சொல்லி, அதனோடு இதனையும் சேர்த்துச் சொல்வேன். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆனால், அவர் என் இழைகளைப் பிணைத்த அந்த இரவை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. பாதி மெய்யைச் சொல்லிவிட்டு முழு மெய்யைச் சொன்னதாக நிமிர்ந்து நின்றேன். பொய் பேசாமை என்னும் சீலத்தை நாள்தோறும் ஏற்கும் நான் இதனை உணரப் பல்லாண்டுகள் ஆயின.

ஆலை மூடப்பட்டு நெடுநாட்களுக்குப் பின் அவர் இறந்த செய்தி கேட்டு அவர் வீட்டிற்குச் சென்றேன். அந்த இரவைப் பற்றி அவர் மகனிடம் கூறினேன். "அப்பா இதைப் பற்றிச் சொன்னதே இல்லையே, ஐயா" என்று அவர் கண் கலங்கினார். அவ்வீட்டார் எனக்குத் தேநீர் கொடுத்தனர். அருந்துகையில் ஒன்று தோன்றிற்று. இதனை நான் அவர் உயிரோடிருக்கையில் அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், "அண்ணா, என் இழையைத் தொட்ட கை என் சோற்றை ஏன் தொடவில்லை?" என்று கேட்கும் வாய்ப்பும் கிட்டியிருக்கும். வசை பேசுபவன் கேட்டால் அவர் செவி மூடியிருக்கும். தம் நன்மையை அறிந்தவன் கேட்டால் மூடியிருக்குமோ? ஒருவனது நன்மையை ஒப்புக்கொள்வது அவன் தவற்றை மன்னித்து மறப்பதன்று. அத்தவற்றை அவன் நெஞ்சில் தைக்குமாறு சொல்வதற்கு அதுவே வழி. இளைஞருக்கு என் விடை இதுவே: கொடுமையையும் சொல்லுங்கள், நன்மையையும் சொல்லுங்கள். இரண்டையும் சொல்பவன் சொல்லுக்கே எடை உண்டு.

எவ்வாறு சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது, வேலையிழந்த தொழிலாளர் நெடுஞ்சாலை வழியே தம் ஊர்களுக்கு நடந்தனர். சாலையோரம் நின்று நீரும் உணவும் அளித்தோர் பலர். அவருள் சிலர், பொட்டலத்தை வாங்குபவன் நிமிர்ந்து பார்க்கும்வரை அதனை விடாமல் பிடித்துக்கொண்டு படம் எடுத்ததும் உண்டு. பசித்தவன் முகத்தை ஊருக்குக் காட்டிய பின் அந்தச் சோற்றில் தானம் எவ்வளவு எஞ்சியிருக்கும்? ஆகவே, மூன்று வரம்புகளைக் கைக்கொள்வோம். தன் செயலைச் சொல்லாது பிறர் செயலையே சொல்லுதல். பெற்றவன் நாணும்படி சொல்லாதிருத்தல். கூட்டாமல் குறைக்காமல் நடந்தவாறே சொல்லுதல். பெருந்தலைவர் புகழைப் பாட ஆட்கள் பலர் உளர். நாம் தேட வேண்டியது, மழையில் நின்ற கிழவிக்காகப் பேருந்தை ஒரு நொடி நிறுத்திய நடத்துநரையும், எழுத்தறியாதவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த மாணவியையும்தான்.

வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் தம் கைகளால் கழுவிப் படுக்கையில் கிடத்திய வரலாறு வினய பிடகத்தில் உண்டு. மற்ற பிக்குகள் ஏன் கவனிக்கவில்லை என்று பகவான் கேட்டார். அவர் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை, அதனால் நாங்களும் செய்யவில்லை என்றனர். அவர்களுக்குப் பகவான் உரைத்தது, தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குச் செய்க என்பதே. கணக்குப் பார்க்கும் மனத்தின் நோயை அவ்விடத்திலேயே அவர் சுட்டினார். அந்த நோய் எனக்கும் இருந்தது. எனக்கு இழைத்த தீமையை மட்டும் எழுதி, செய்த நன்மையை எழுதாத கணக்கு அது.

அன்பர்களே, விஹாரத்தில் ஒருவர் தானம் அளிக்கையில் நாம் அனைவரும் "சாது" என்று மும்முறை கூறுகிறோம். நன்று என்பதே அச்சொல்லின் பொருள். அதனை விஹாரத்தின் வாயிலோடு நிறுத்திக்கொள்ள வேண்டா. வரும் பௌர்ணமி முதல், ஒவ்வொரு குடும்பத்தாரும் அம்மாதத்தில் தாம் கண்ட பிறர் நன்மை ஒன்றைக் கூட்டத்தில் எழுந்து சொல்லும் வழக்கத்தைத் தொடங்குவோம். நம்மவர் செய்தது, பிறர் செய்தது என்னும் பேதம் வேண்டா. நம்மைப் புண்படுத்தியவர் செய்ததாயினும் மறைக்க வேண்டா. முதலில் நான் எழுந்து, அந்த இரவு என் இழைகளைப் பிணைத்தவரைப் பற்றிச் சொல்கிறேன். கேட்ட பின், எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன அவருக்காக, அவர் ஒருநாளும் கேட்டிராத அந்தச் சொல்லை என்னோடு சேர்ந்து நீங்களும் கூறுவீர்களாக.

சாது! சாது! சாது!