குசினிக்குள் வரும் சின்னக் கைகள்



பிள்ளையின் நன்மைக்காக என்று சொல்லி ஒரு வேலையைத் தொடங்குகிறோம். பிறகு, அந்த வேலை ஒழுங்காக முடியவேண்டும் என்பதற்காக அந்தப் பிள்ளையையே அப்புறப்படுத்துகிறோம். இது நியாயமா?

கேள்வி பெரிதுபோலத் தோன்றினாலும் அது எழுகின்ற இடம் மிகச் சிறியது. சனிக்கிழமை பின்னேரம் ஒரு தாய் பிஸ்கற் சுட நினைக்கிறாள். கடைப் பிஸ்கற்றில் வெள்ளைச் சீனியும் மலிவான கொழுப்பும் கூட என்று அவளுக்குத் தெரியும். வீட்டிலே குரக்கன் மாவும் எள்ளும் பனங்கட்டியும் போட்டுச் செய்தால் பிள்ளை சத்தாகச் சாப்பிடும் என்பது அவளது எண்ணம். நல்ல எண்ணம்தான். மாவை அரிக்கத் தொடங்கியவுடனே இரண்டரை வயதுப் பிள்ளை ஓடிவந்து சேலையைப் பிடிக்கிறது. "நானும்! நானும்!" என்கிறது. கை மாவுக்குள் போகிறது. மா நிலத்தில் கொட்டுகிறது. "கை வையாதை! அங்கை போய் இரு, அம்மா முடிச்சிட்டு வாறன்" என்று அதட்டல் கேட்கிறது. இக்காலத்திலே இன்னொரு வழியும் வந்துவிட்டது. கைத்தொலைபேசியில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு வீடு அமைதி. பிஸ்கற்றும் அழகாக வந்துவிடும்.

அந்தத் தாயைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் பிள்ளை எதற்காக ஓடிவந்தது என்பதை ஒருதரம் நிதானித்துப் பார்ப்போம். பிஸ்கற்றுக்காகவா? பிஸ்கற் இன்னும் பிறக்கவே இல்லை. அது வந்தது வேலைக்காக. அம்மா செய்கிற வேலையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வந்தது. நாமோ வேலையைத் தடுத்துவிட்டு, அது கேளாத பிஸ்கற்றைப் பிறகு கையிலே கொடுக்கிறோம்.

நம்மிடையே "குழப்படி" என்றொரு சொல் இருக்கிறது. துடியான பிள்ளையைப் பற்றி யார் விசாரித்தாலும் "சரியான குழப்படி" என்றுதான் விடை சொல்கிறோம். யாருடைய ஒழுங்கு குழம்புகிறது என்று எவரும் கேட்பதில்லை. குழம்புவது நம்முடைய ஒழுங்கு. பிள்ளையின் கணக்கிலே அது குழப்பமல்ல, அலுவல்.

இது வெறும் பாசப் பேச்சல்ல. 2006ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் லைப்சிக் நகரில் பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கல் தொமசெல்லோ என்ற இரு ஆராய்ச்சியாளர் பதினெட்டு மாதக் குழந்தைகள் 24 பேரை வைத்துச் சில எளிய சோதனைகள் செய்தார்கள். பெரியவர் ஒருவர் துணி காயவிடும் கிளிப்பைத் தவறவிட்டு, அதை எட்டமுடியாமல் கை நீட்டுவார். அல்லது இரண்டு கையிலும் புத்தகங்களோடு வந்து, அலுமாரிக் கதவைத் திறக்கமுடியாமல் முட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளையிடம் உதவி கேட்பதில்லை, நன்றி சொல்வதுமில்லை. அப்படியிருந்தும் 22 குழந்தைகள் ஏதாவது ஒரு தடவையேனும் எழுந்துபோய் உதவினார்கள். சரியாகப் பேசத் தெரியாத வயதிலே, கேளாமலே, கூலியில்லாமலே!

இரண்டு ஆண்டுகளின் பின் அதே இருவரும் செய்த இன்னொரு சோதனை நம்மை இன்னும் கூடுதலாகச் சிந்திக்கவைக்கிறது. இருபது மாதக் குழந்தைகளில் ஒரு சாராருக்கு, உதவிய ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருளொன்று பரிசாகக் கொடுத்தார்கள். பரிசு நின்றவுடனே அந்தக் குழந்தைகளின் உதவியும் குறைந்துபோயிற்று. பரிசே காணாத பிள்ளைகளோ முன்போலவே உதவிக்கொண்டிருந்தார்கள். "சமர்த்தாக இருந்தால் ஒரு பிஸ்கற் தருவேன்" என்று நாளுக்குப் பத்துத்தரம் சொல்கிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஆகவே உதவும் மனம் நாம் பிள்ளைக்குள் புகுத்த வேண்டிய ஒன்றல்ல. அது ஏற்கனவே அங்கே இருக்கிறது. இரண்டு வயதிலே பிள்ளைக்கு உதவ ஆசை இருக்கிறது, திறமை இல்லை. அப்போது "போ, போ" என்று விரட்டுகிறோம். பத்து வயதிலே திறமை வந்துவிடுகிறது. அப்போது "இங்கை வா, தேங்காயைத் துருவு" என்று கூப்பிடுகிறோம். பிள்ளை வருவதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று அயல் வீட்டாரிடம் முறையிடுகிறோம். எட்டு ஆண்டுகளாக வேலை என்பது உன்னுடைய காரியமல்ல என்று நாமே படிப்பித்த பாடத்தைப் பிள்ளை நன்றாகப் படித்துவிட்டது என்பதே உண்மை.

ஆண் பிள்ளையின் கதை இதிலும் மோசம். இரண்டு வயதிலே மகனும் மகளும் ஒரே ஆவலோடுதான் அடுப்படிக்கு வருகிறார்கள். மகளைப் பிறகு நாமே திரும்ப அழைக்கிறோம். மகனைப் பார்த்து "ஆம்பிளைப் பிள்ளைக்குக் குசினியிலை என்ன வேலை?" என்று சிரிக்கிறோம். அம்மம்மா சிரிக்கிறா, மாமா சிரிக்கிறார், ஏன், அப்பாவும் கதிரையில் இருந்தபடியே சிரிக்கிறார். இருபத்தைந்து வருடங்கள் கழித்து அந்த மகனைக் கட்டிய பெண் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கிறாள். சந்தியிலே பேக்கரி வைத்துப் போறணையில் பாண் சுடுபவர் ஆண், கலியாண வீட்டிலே கிடாரம் வைத்துச் சமைப்பவரும் ஆண். கூலி கிடைக்கும் இடத்தில் இழுக்கில்லாத வேலை, வீட்டுக்குள் வந்தவுடன் எப்படி இழுக்காகிறது என்று எனக்கு விளங்குவதில்லை.

இனி, நேர்மை பற்றிய ஒரு நுணுக்கமான கேள்வி. "சரி, பிள்ளைக்கு ஒரு துண்டு மாவைக் கொடுத்து விளையாடவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். பிள்ளை அதை உருட்டும், பிசையும், கறுப்பாக்கும். நாம் "ஆகா, அம்மாவுக்கு எவ்வளவு உதவி!" என்று சொல்லிவிட்டு, அது கண்ணயர்ந்ததும் குப்பையில் போடுவோம். இது பொய்தானே? சின்னப் பொய், அன்பினால் சொன்ன பொய் என்பீர்கள். ஆனால் பிள்ளை தன் பிஸ்கற்றைத் தட்டிலே தேடும் என்பதை மறந்துவிடலாகாது. "என்ரை எங்கை?" என்று அது கேட்கும்போது இரண்டாவது பொய்யும் தேவைப்படும்.

மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907இல் றோமாபுரியின் சான் லொறென்சோ என்ற ஏழைகள் பகுதியிலே தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் இந்தியாவுக்கு வந்து, உலக யுத்தம் காரணமாக ஊர் திரும்ப முடியாமல், அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றிய அதே அம்மையார்தான். அவரது இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது விளையாட்டுக் கோப்பையல்ல, விழுந்தால் உடையும் உண்மைக் கோப்பை. வேலையும் உண்மையான வேலை: மேசை துடைத்தல், உணவு பரிமாறுதல், பாத்திரம் கழுவுதல். துடைத்து முடித்த மேசையைப் பிள்ளை மறுபடியும் துடைப்பதை அவர் கவனித்தார். பெரியவர்கள் வேலையை முடிப்பதற்காகச் செய்கிறோம், குழந்தையோ தன்னையே உருவாக்கிக்கொள்வதற்காகச் செய்கிறது என்று கண்டார். நாம் "முடிந்துவிட்டது, விடு" என்று சொல்லும்போது பிள்ளைக்கு விளங்காமற்போவது இதனால்தான். அதனுடைய வேலை இன்னும் முடியவில்லை.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலிலும் இதற்கு உறவான ஒரு கருத்து உண்டு. உழைப்பின் மதிப்பு முதலாவதாக உழைப்பவரிடத்திலேதான் இருக்கிறது, செய்து முடித்த பொருளிடத்தில் அல்ல என்பது அது. தொழிற்சாலைகளையும் வயல்களையும் மனதில் வைத்து எழுதியதை அரிதட்டுப் பிடித்த ஒரு குழந்தைக்கும் பொருத்தலாம் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் கொடுக்கும் வேலை சிறிதாக இருக்கலாம், ஆனால் உண்மையாக இருக்கவேண்டும். அதைச் செய்து காட்டாமல் உபதேசத்தோடு நிறுத்துவது அழகல்ல. குரக்கன் மா 100 கிராம், கோதுமை மா 100 கிராம், பட்டர் 90 கிராம், சீவிய பனங்கட்டி 70 கிராம், உலர்ந்த தேங்காய்ப்பூ 30 கிராம், வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, குழைப்பதற்குப் பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. தனிக் குரக்கனில் ஒட்டும் தன்மை இல்லை, பிஸ்கற் உதிர்ந்துபோகும். அதற்காகவே பாதிக்குக் கோதுமை மா. பிள்ளை வருமுன்னரே எல்லாவற்றையும் நிறுத்து வைத்துவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். மேசை வேண்டாம். நிலத்திலே பாய் விரித்து, சுளகோ பெரிய தட்டமோ நடுவில் வைத்து, இருவரும் இருங்கள். கதிரையில் ஏறி விழும் பயமும் இல்லை, கொட்டுகிற மாவும் சுளகிலேயே கிடக்கும்.

அரிதட்டைத் தட்டுவது பிள்ளையின் வேலை. தட்டுவதற்கென்றே பிறந்த கைகள் அவை. பட்டரை மாவோடு விரல் நுனியால் உதிர்ப்பது இருவரின் வேலை. உருட்டிய உருண்டையின்மேல் முள்ளுக்கரண்டியால் ஓர் அமுக்கு அமுக்குவது முழுக்க முழுக்கப் பிள்ளையின் வேலை, அதில் நீங்கள் கை வைக்கவேண்டாம். பச்சை மாவைத் தின்னவிடாதீர்கள், கோதுமை மா அவியாமல் உண்ணத்தக்கதல்ல. முழுக் கச்சானும் முந்திரிகையும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும், எள்ளுப் போதும். போறணை 170 பாகை, பதினைந்து நிமிடம். அந்தப் பக்கம் பிள்ளைக்கு இடமில்லை என்பதை ஒரே சொல்லில், ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரிச் சொல்லுங்கள். பத்து இடத்தில் "வா" என்று கேட்ட பிள்ளை, ஓரிடத்தில் "வேண்டாம்" என்பதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அழுதாலும் அழட்டும்.

சத்து என்ற பேச்சிலும் நாம் நம்மை ஏமாற்றக்கூடாது. குரக்கன் நல்லது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான், நிறம் மட்டும் வேறு. இரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்குச் சீனி மிகுந்த உணவு வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இலே வழிகாட்டியிருக்கிறது. வீட்டிலே செய்தோம் என்பதற்காக ஒரே இருப்பில் ஆறு பிஸ்கற் கொடுக்கலாம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்கும் தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். காலையில் வேலைக்குப் போய், பஸ்ஸிலே நின்றுகொண்டு ஆறு மணிக்கு வீடு வருகிற ஒருத்தி, கடையில் ஒரு பிஸ்கற் பக்கற் வாங்கிக்கொண்டு வந்தால் அது பாவமுமல்ல, அன்புக் குறைவுமல்ல. வீட்டுப் பலகாரம் செய்பவளே நல்ல தாய் என்று அளவுகோல் வைத்துக்கொண்டு நிற்பவர்களில் அநேகர் தாங்கள் மாவிலே கை வைக்காதவர்கள். நாற்பது நிமிட வேலை பிள்ளையோடு செய்தால் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். அந்த நேரம் மாதத்தில் ஒருநாள் கிடைத்தாலும் போதும். அந்த நாளிலே தகப்பனும் பாயில் வந்து இருக்கட்டும். மற்ற நாட்களிலே வெங்காயத் தோல் உரிப்பதும், கீரை ஆய்வதும், உடுப்பு மடிப்பதும் பிள்ளைக்கு பிஸ்கற்றுக்குக் குறைந்த வேலைகளல்ல.

கடைசியாக அந்தக் கோணல் பிஸ்கற்றுகளின் விடயம். இருபத்தைந்தில் ஏழெட்டு வட்டமாக இராது, ஒன்று ஓரத்தில் கருகியும் இருக்கும். விருந்தாளி வருகிற நேரத்தில் அவற்றை ரின்னின் அடியில் ஒளித்துவிட்டு, நீங்கள் உருட்டிய வட்டங்களை மட்டும் தட்டிலே அடுக்கக் கை நீளும். பிள்ளை அருகில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கலந்தே அடுக்குங்கள். தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் நீட்டுவதையும் அதனிடமே விட்டுவிடுங்கள். வழியில் இரண்டு விழுந்தால், மாடத்தில் இருக்கிற அணிலுக்கும் இன்று கிறிஸ்மஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.