சுவரில் ஒட்டிய கருப்பு

பட்ட அவமானத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து காட்டினால் காயம் ஆறுமா, கிளறப்படுமா? அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் காரா வாக்கரின் நிழலுருவங்களைப் படங்களில் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

1969இல் கலிபோர்னியாவில் பிறந்த வாக்கர், 13 வயதில் குடும்பத்தோடு ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன் பகுதிக்குப் போனார். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் 1915இல் மீண்டும் உயிர்பெற்றது அங்குள்ள மலையில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கத்தித் தலைவர்கள் அதன் பாறையில் பிரம்மாண்டமாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பெண் 1994இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 50 அடி நீளத்துக்குக் கருப்புக் காகித உருவங்களை வெட்டிச் சுவரில் ஒட்டினார். தள்ளி நின்றால் பழங்காலத்துச் சீமாட்டிகளின் வரவேற்பறை அலங்காரம் போலிருக்கும். கிட்டே போனால் பாலியல் வன்முறை, பிள்ளைகளின் சீரழிவு.

அந்த உருவங்களில் எஜமானும் அடிமையும் ஒரே கருப்புக் காகிதம்தான். ஆனாலும் யார் எவர் என்று பார்த்த நொடியில் சொல்லிவிடுகிறோம். உதடு, மூக்கு, தலைமுடி. இதைக் கண்டுகொள்ள நம் கண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? 18ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் லாவேட்டர், பக்கவாட்டு முகக்கோட்டை வைத்தே குணத்தைக் கணிக்கலாம் என்று எழுதினார். அந்தப் பாடம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

இந்த நிழலுருவக் கலைக்குள் வேறொரு கருப்பினக் கையும் உண்டு. பிலடெல்பியாவில் பீல் என்ற ஓவியரின் வீட்டில் அடிமையாக வளர்ந்த மோசஸ் வில்லியம்ஸ், 1802இல் விடுதலை பெற்று, பீலின் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களின் முகங்களைக் காகிதத்தில் வெட்டிக்கொடுத்துப் பிழைத்தார். ஆயிரக்கணக்கான முகங்கள். ஒருகாலத்தில் ஒருவருடைய உடைமையாக எண்ணப்பட்ட மனிதர், மற்றவர்களின் முகங்களை அத்தனை நேர்த்தியாகக் காத்துக் கொடுத்திருக்கிறார். அவரை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வாக்கரை எல்லோரும் கொண்டாடவில்லை. 1997இல், 28 வயதுக்குள் பெருமதிப்புள்ள மக்ஆர்தர் நல்கை அவருக்குக் கிடைத்தபோது, மூத்த கருப்பினக் கலைஞர் பெட்டி சார் வாக்கரின் படைப்புகளைக் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று பலருக்கும் கடிதம் எழுதினார். கருப்பினத்தவரை இழிவுபடுத்தும் கேலிச் சித்திரங்களை எதிர்த்தே வாழ்நாளெல்லாம் உழைத்தவர் சார். அந்த இழிவுருவங்கள் வெள்ளையர்களின் ரசனைக்குத் தீனியாகும் என்ற அவருடைய அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். காயம்பட்டவர்களுக்குள்ளேயே வலியைச் சுமக்கும் வழிகள் வேறுபடும்.

இருந்தும் 2001இல் வாக்கர் செய்த ஒன்று என்னை அவர் பக்கம் நிறுத்துகிறது. அடிமைகளின் கலகத்தைச் சுவரில் ஒட்டி, எதிரிலிருந்து வண்ண ஒளியைப் பாய்ச்சினார். பார்க்க வருகிறவரின் நிழலும் அந்தக் கூட்டத்துக்குள் விழுந்துவிடும். வேடிக்கை பார்க்க ஓரமாக இடம் கிடையாது.

இந்தச் சுவர்கள் மக்கள் கண்ணில் பட வேண்டும். அவற்றின் முன் நிற்கும் வாய்ப்பு உங்களுக்கு அமைந்தால் சட்டென நகர்ந்துவிடாதீர்கள். யாரை எஜமான் என்றும் யாரை அடிமை என்றும் எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.