கயிற்றை நீள விடுங்கள்



கி.பி. 60 அளவில் புனித சின்னப்பரைக் கைதியாக ஏற்றிக்கொண்டு உரோமைக்குச் சென்ற பாய்க்கப்பல் பெரும் புயலில் அகப்பட்டது. 14ஆம் நாள் நள்ளிரவில், கரை கிட்டுகிறது என்று கடலோடிகள் உணர்ந்தார்கள். ஆழம் பார்த்தார்கள், 20 பாகம் இருந்தது. சற்று அப்பால் சென்று மீண்டும் பார்த்தார்கள், 15 பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று அஞ்சி, கப்பலின் பின்புறத்திலிருந்து நான்கு நங்கூரங்களை இறக்கினார்கள். பின்பு, எப்போது விடியும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம்.

நங்கூரம் என்றவுடன் நாம் அதன் பாரத்தையே நினைக்கிறோம். பாரமான இரும்பு கப்பலைப் பிடித்து வைக்கிறது என்று எண்ணுகிறோம். ஆனால் கடலோடு பழகியவர்கள் அறிவார்கள்: பாரம் மட்டும் போதாது, நங்கூரத்தின் நாக்கு மண்ணைக் கவ்வ வேண்டும். அது கவ்வ வேண்டுமானால் கயிறு நீளமாக விடப்பட்டு, நங்கூரத்தைக் கிடையாக இழுக்க வேண்டும். கயிறு குறுகி நிமிர்ந்து நின்றால், அதே கயிறு நங்கூரத்தை மண்ணிலிருந்து கிளப்பிவிடும். ஆகவே நல்ல கடலோடி அணியத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி, பாயை இறக்கி, நங்கூரத்தை மெல்லத் தாழ்த்தி, படகு பின்வாங்கப் பின்வாங்கக் கயிற்றை விட்டுக்கொடுப்பான். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது விடுவான். காற்று கடுமையானால் ஏழு மடங்கும் விடுவான்.

ஆனால் எந்த ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு? கவனிக்க வேண்டியது இதுதான். நமது கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. எனவே இந்தக் கேள்வி நம்மை அவ்வளவாக வருத்துவதில்லை. பிரான்சு நாட்டின் வடமேற்கே, பிரிற்றனிக் கரையிலுள்ள சென் மாலோ பட்டினத்தில் அப்படியல்ல. பூரணை, அமாவாசையை அடுத்து வரும் பெருவெள்ள நாட்களில் அங்கே கடல் 12 மீற்றரளவுக்கு ஏறி இறங்குவதுண்டு. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரந்தான்.

அத்தகைய கடலில் ஒருவன் வற்று நேரத்தில் வந்து சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆழம் 3 மீற்றர். கணக்குப்படி 15 மீற்றர் கயிறு விடுகிறான். படகு அசையாமல் நிற்கிறது. அவனும் நிம்மதியாக உறங்குகிறான். ஆறு மணி நேரத்தில் கடல் 9 மீற்றர் ஏறிவிடுகிறது. இப்போது ஆழம் 12 மீற்றர். கயிறோ அதே 15 மீற்றர். அது ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கிறது. ஓர் அலை தூக்கினால் போதும், நங்கூரம் கிளம்பிவிடும். நங்கூரத்தில் குறையில்லை, கயிறும் அறவில்லை, மண்ணும் நல்ல மண்தான். வந்து சேர்ந்த நேரத்தின் ஆழத்தை நம்பியதே அவன் செய்த பிழை. விவேகமுள்ளவன் பெருக்கு நேரத்தின் 12 மீற்றரைக் கணக்கிட்டு, 60 மீற்றர் கயிறு விட்டிருப்பான்.

நம்பிக்கையை ஆன்மாவின் நங்கூரம் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபம் அழைக்கிறது. உரோமையின் சுரங்கக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரின் கல்லில் நங்கூரத்தை வரைந்து வைத்தார்கள். அந்த நங்கூரம் நமக்கும் தரப்பட்டிருக்கிறது. ஆனால் நம்மில் பலர் எவ்வளவு கயிறு விட்டிருக்கிறோம்? முதல் நன்மை வாங்கும்போது மனப்பாடம் செய்த சில செபங்கள், ஞாயிறு பூசை, ஆண்டுக்கொரு திருநாள். பிள்ளைப் பருவத்தின் 3 மீற்றர் ஆழத்துக்கு அது போதும். பெருக்கு வரும்போது அது போதாது.

பெருக்கு என்னவென்று நம் மக்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் கரையேறி வந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்களும், இன்றுவரை திரும்பாத மகனின் படத்துக்கு முன் விளக்கேற்றும் தாய்மாரும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தாய், "சுவாமி, எனக்குச் செபமே வருகுதில்லை" என்று சொன்னால், விசுவாசம் இல்லாதவள் என்று அவளைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. நங்கூரம் இழுபடுவது பாவமல்ல. கடல் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நங்கூரம் இழுபடும்போது கடலோடி முதலில் என்ன செய்வான்? இடமிருந்தால், இன்னும் கயிறு விடுவான். நாமோ துன்பம் வந்ததும் கயிற்றைச் சுருட்டத் தொடங்குகிறோம். கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறோம். அயலவரோடு பேச்சைக் குறைக்கிறோம். மாலைச் செபமாலையைக் கைவிடுகிறோம். அன்பர்களே, அப்படிச் செய்யாதீர்கள். செபம் வராவிட்டால், "ஏன் ஆண்டவரே?" என்று கேளுங்கள். யோபு கேட்டார், சங்கீதங்களைப் பாடியவர்களும் கேட்டார்கள். இறைவனோடு முறையிடுவதும் கயிறு விடுவதே. அதையும் உங்களால் செய்ய முடியாவிட்டால், உங்களுக்காக இன்னொருவரைச் செபிக்கச் சொல்லுங்கள்.

கடல் அமைதியாயிருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கு இன்றைய ஆழத்தைப் பார்த்து அளந்து கொடுக்காதீர்கள். நாளை அவர்கள் தொலைவான நாட்டில், தனி அறையில், நோயிலோ ஏமாற்றத்திலோ இருக்கக்கூடும். அன்றைக்கு எட்டும்படி இன்றே கொடுங்கள். வேதாகமத்தை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். அவர்கள் கேட்கும் கடினமான கேள்விகளை அதட்டி அடக்காதீர்கள். நீங்கள் அழுதபோது எப்படிச் செபித்தீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

சின்னப்பரின் கப்பலில் 276 பேர் இருந்தார்கள். பொழுது விடியுமுன் அவர் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக இறைவனுக்கு நன்றி செலுத்தி உண்டார். மற்றவர்களும் மனந்தேறி உண்டார்கள். விடிந்தபின் நங்கூரங்களை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். கப்பல் உடைந்தது, ஆனால் ஓர் உயிரும் சேதமில்லாமல் எல்லாரும் கரை சேர்ந்தார்கள். நங்கூரம் அவர்களை விடியும்வரை தாங்கியது. நமது நங்கூரமோ, நமக்கு முன்னே சென்ற கிறிஸ்து இருக்கும் இடத்தில் பதிந்திருக்கிறது. அது பெயராது.

இன்று இரவு உங்கள் வீட்டில் செபமாலை முடிந்ததும், கடல் பெருகிக் கிடக்கும் ஒரு வீட்டை நினைத்து இன்னுமொரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். அவர்களுடைய கயிறு அவ்வளவுக்கு நீளும்.